முன்சில்லின் முறுக்குத்தண்டும் நமது கடமையும்
(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இம்மேடையிற் பேச எழுந்தோர் தேவாரத்தின் பெருமையையும் சைவத்தின் தொன்மையையும் இனிமையாக எடுத்துரைத்தார்கள். நாம் பேச எடுத்துக்கொண்ட பொருளோ ஒரு பழைய மொறிஸ் மைனர் பிக்கப்பின் முன்சில்லு. இது கேட்டுச் சிலர் சிரிக்கின்றீர்கள். சிரிப்பதிற் குற்றமில்லை. ஆனால் சென்ற ஆடியமாவாசைக்கு முதல் நாள் நம்மில் எவரும் சிரிக்கவில்லை.

அன்று மாலை மாமாங்கேஸ்வரர் தீர்த்தத்துக்கு வரும் அடியார்களின் அன்னதானத்துக்காக எட்டு மூடை அரிசியை ஏற்றிக்கொண்டு அந்தப் பிக்கப் வந்தது. ஒழுங்கை முடக்கிலே, ஒரு மனிதன் நடக்கும் வேகத்தில், சாரதி ஸ்டியரிங்கைத் திருப்பினார். இடப்புற முன்சில்லு வெளிப்புறமாக மடிந்து, வண்டியின் முகம் மண்ணிலே குத்தி நின்றது. சில்லருகே நடந்து வந்த இரு சிறுவர்களும் ஒரு முழ இடைவெளியில் தப்பினார்கள். அதே சில்லு கல்லடிப் பாலத்தில், எதிரே பஸ் வரும் வேளையில் மடிந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

கூட்டம் கூடிற்று. "பழைய இரும்பு, அப்படித்தான்" என்றார் ஒருவர். "எட்டு மூடை ஏற்றினால் உடையாமல் என்ன செய்யும்?" என்றார் இன்னொருவர். "சாரதி கண்மண் தெரியாமல் ஓட்டினான்" என்று மூன்றாமவர் தீர்ப்பே சொல்லிவிட்டார். உண்மைக் காரணம் இம்மூன்றும் அன்று. அதனை விளக்கவே இங்கு நிற்கின்றோம்.

முதலில் இந்த வண்டியின் வரலாற்றைச் சிறிது பார்ப்போம். மொறிஸ் மைனரை வகுத்தவர் அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர். 1948-ஆம் ஆண்டு இலண்டன் கண்காட்சியில் அது வெளியாயிற்று. வண்டி ஒடுங்கலாய்த் தோன்றுகிறதென்று கண்டு, மாதிரி வண்டியை நடுவே பிளந்து நான்கு அங்குலம் அகட்டிப் பார்த்தே அவர் அளவை முடிவு செய்தார். இன்றும் அதன் முன்மூடியின் நடுவே ஓடும் தட்டையான பட்டி அந்தத் திருத்தத்தின் அடையாளமாகும். கால்தொன் பாரம் ஏற்றும் பிக்கப் 1953-இல் வந்தது. 1962-இல் 1,098 சீசி எஞ்சின் பொருத்தப்பட்டது. நம் ஊர்ப் பிக்கப் அதற்குப் பிந்தியது. எல்லா வகையும் சேர்த்து 16 இலட்சத்துக்கு மேல் உற்பத்தியாகி, 1970-களின் தொடக்கத்தில் இந்த வண்டி நின்றுபோயிற்று. ஆயினும் இலங்கையில் அது நிற்கவில்லை. இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட காலங்களில் நம்மவர் அதனைப் பழுது பார்த்துப் பார்த்தே ஓட்டினர். 1990-களில் இங்கிலாந்தின் பாத் நகரத்தில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வேர் என்பவர், இதன் பாகங்களைச் செய்வதற்கு இலங்கையிலேயே தொழிற்சாலை தொடங்கினார். ஆங்கிலேயன் செய்த வண்டிக்கு இலங்கைக் கைகள் தகடு அடித்து அனுப்பின என்பது நாம் பெருமைப்படக்கூடிய விடயமே.

இனி முன்சில்லுக்கு வருவோம். மாட்டுவண்டிக்கு அச்சே போதும். வேகமாய் ஓடும் வாகனத்துக்கு, பள்ளத்தில் விழுந்த சில்லு தனியே ஏறி இறங்க வேண்டும். உடல் அமைதியாய்ச் செல்ல வேண்டும். இதற்குப் பல வண்டிகளில் சுருள்வில் இருக்கும். லொறிகளில் தகட்டுவில் இருக்கும். மொறிஸ் மைனரின் முன்புறத்திலோ வில்லே கண்ணுக்குத் தெரியாது. தரையின் கீழ், வண்டியின் நீளவாக்கில், இருபுறமும் ஒவ்வொரு உருக்குத் தண்டு செல்கிறது. அதன் பின்முனை அசையாதபடி பூட்டப்பட்டிருக்கும். முன்முனை சில்லைத் தாங்கும் கீழ்க்கரத்தோடு இணைந்திருக்கும். சில்லு மேலேறும்போது தண்டு முறுகும். முறுகிய தண்டு திரும்ப நிமிர முயலும். ஈரத் துணியைப் பிழியும்போது கைக்கு உண்டாகும் எதிர்ப்பை நம் தாய்மார் அறிவார்கள். அதுவே இங்கு வில்லின் தொழிலைச் செய்கிறது. இதனை முறுக்குத்தண்டு எனலாம்.

வில் தனியே இருந்தால் வண்டி தோணிபோல் ஆடிக்கொண்டேயிருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவது ஷொக் அப்சோபர். சிறு துளைவழியே எண்ணெயைத் தள்ளி, ஆட்டத்தின் சக்தியை வெப்பமாக மாற்றிவிடும். மொறிஸ் மைனரில் அது நெம்புகோல் வகையைச் சேர்ந்தது. அதன் கரமே சில்லைத் தாங்கும் மேற்கரமாகவும் பணிபுரிகிறது. ஆகவே அதனைக் கழற்றி எறிந்துவிட்டு வேறொன்றை மாட்டுவது நினைத்தபடி நடக்கும் காரியமன்று.

மேற்கரத்துக்கும் கீழ்க்கரத்துக்கும் நடுவே நிற்பது சுழலாணி. கராஜில் கிங்பின் என்பார்கள். இதன் இருமுனைகளிலும் புரி வெட்டியிருக்கும். அம்முனைகள் பித்தளை நிறமான இரு மூட்டுகளுக்குள் திருகப்பட்டிருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்புந்தோறும் ஆணி அந்தப் புரிக்குள் சிறிது ஏறி இறங்கும். முறுக்குத்தண்டின் விசை கீழ்க்கரத்தை எப்போதும் நிலத்தை நோக்கி அழுத்துகிறது; சில்லோ நிலத்தில் ஊன்றி நிற்கிறது. இந்த இழுபறி முழுவதையும் தாங்குவது கீழ்மூட்டின் சில புரிகளே. அவற்றுக்கு உயிர் கொடுப்பது கிறீஸ். கிறீஸ் இல்லையேல் புரி தேயும். தேய்ந்த புரி ஒரு நாள் விடும். விட்டதும் ஆணி மேலே கழன்று சில்லு மடியும். திருப்பும்போதே புரி அசைவதால், மெல்ல ஓடி முடக்கிலே திரும்பும் வேளையில் இது நேர்வது வழக்கம். சாரதியின் வேகம் இதற்குக் காரணமன்று.

பாரமும் காரணமன்று. எட்டு மூடை 400 கிலோ. வண்டிக்கு விதித்த கால்தொன்னோ ஏறத்தாழ 254 கிலோ. அது தவறுதான். ஆயினும் பிக்கப்பின் பாரம் பெரும்பாலும் பின்னச்சிலேயே இறங்கும். முன்மூட்டின் புரியை அந்த அரிசி தின்றதென்று சொல்ல முடியாது.

அப்படியானால் தின்றது யார்? சபையோரே, நாமே. தீர்த்தத்துக்கு ஒரு மாதம் முன்பு, "எங்கள் மன்றத்துக்கு வண்டி தருகிறீர்கள், நாங்களே கிறீஸ் அடித்துத் தருகிறோம்" என்று பெரியவரிடம் சொல்லி வாங்கியவர்கள் நாம் மூவர். முன்புறத்தில் ஆறு நிப்பிள்கள் உண்டு. மேலுள்ளவற்றுக்கு நன்றாக அடித்தோம். கீழே இரண்டும் சேறும் துருவும் மூடிக் கிடந்தன. இடப்புறத்தில் கிறீஸ் உட்செல்லாமல் வெளியே வழிந்தது. துடைத்துவிட்டு, "போயிருக்கும்" என்றோம். அந்தப் புரி ஒரு மாதத்தில் தேய்ந்ததன்று; பல ஆண்டு வறட்சி அதற்கு இருந்தது. ஆயினும் சில்லை ஜக்கிலே உயர்த்தி, கையால் ஆட்டிப் பார்த்திருந்தால் அதன் ஆட்டம் அன்றே தெரிந்திருக்கும். நாம் உயர்த்தவுமில்லை, ஆட்டவுமில்லை.

சாரதியை ஊர் ஏசிற்று. பெரியவர் அவரை வேலையிலிருந்து நிறுத்தினார். நாம் ஒரு கிழமை வாய் திறக்கவில்லை. எட்டாம் நாள் மூவரும் பெரியவர் வீட்டுத் திண்ணைக்குச் சென்று நடந்ததைச் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசாதிருந்து, "தம்பிமாரே, இதை என்னிடம் சொன்னது காணாது, அவனிடமும் சொல்லுங்கோ" என்றார். சொன்னோம். சாரதி அண்ணன் மறுநாளே வேலைக்குத் திரும்பினார். வண்டியைத் திருத்தும் பொறுப்பை நாம் ஏற்றுக்கொண்டோம்.

அப்பொழுது எழுந்த கேள்வி: இருந்தபடியே திருத்துவதா, புதுமுறைக்கு மாற்றுவதா? நாம் இளைஞர் அல்லவா? மாற்றத்திலேயே ஆசை சென்றது. சுருள்வில்லும் பந்துமூட்டும் கொண்ட முழுமுன்தொகுதியே வெளிநாடுகளில் இன்று விற்கப்படுகிறது. 1971-இல் வந்த மொறிஸ் மரீனாவின் முன்னமைப்பு மைனரின் வழிவந்ததாகையால், அதன் தட்டுப் பிறேக்குகளை மைனருக்குப் பொருத்துவோரும் உண்டு. தடித்த முறுக்குத்தண்டு போடலாம் என்றார் எம்மில் ஒருவர். மிஷன் பாடசாலையிற் படித்த கணிதம் அங்கே உதவிற்று. தண்டின் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்குப்படி ஏறும். விட்டத்தைப் பத்திலொரு பங்கு கூட்டினால் விறைப்பு நூற்றுக்கு 46 வீதம் கூடும். பாரமற்று ஓடும் நாளில் வண்டி குதிக்கும். அந்த அதிர்ச்சியெல்லாம் பழைய உடலைத் தாக்கும். வாவிக் காற்றின் உப்பிலே அறுபது ஆண்டு நின்ற தகட்டுக்கு அது தகாது.

கராஜ் வைத்திருக்கும் முதியவர் நம் ஆசைகளையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பின்பு சொன்னார்: "அத்திவாரம் வெடித்த வீட்டுக்கு மாடி கட்டாதீங்க. முதலில் உள்ளதை உள்ளபடி ஆக்குங்க. அதற்குப் பிறகு எது குறைகிறதோ, அதை மட்டும் கூட்டுங்க."

அவ்வாறே செய்தோம். உடைந்த பக்கத்துக்கு மட்டுமன்றி, இருபுறமும் புதிய சுழலாணிகளும் மூட்டுகளும் இட்டோம். கீழ்க்கரங்களின் றபர்களை மாற்றினோம். தண்டுகள் இரண்டையும் கழற்றும்போதே இடம் வலம் என்று குறித்துக்கொண்டோம். ஒரு பக்கமாய் முறுகிப் பழகிய தண்டை மறுபக்கம் இட்டால் அது முறியக்கூடும். இடப்புறம் சற்றுத் தாழ்ந்திருந்தமையால், தண்டின் பின்முனைப் பூட்டைச் சிறிது நகர்த்தி இருபுற உயரத்தையும் சமமாக்கினோம். இதன்பின் வண்டியை ஓட்டிப் பார்த்தோம். நேராகச் சென்றது, ஆனால் ஆட்டம் அடங்கவில்லை. பழைய ஷொக் அப்சோபர்களில் எண்ணெய் கசிந்திருந்தது. எண்ணெய் ஊற்றியும் நிற்கவில்லை. அப்பொழுதுதான் மாற்றம் வேண்டிய இடம் இதுவென்று விளங்கிற்று. பழைய நெம்புகோலைக் கரமாக மாத்திரம் வைத்துக்கொண்டு, ஆட்டத்தை அடக்கும் தொழிலை இரு குழாய்வகை ஷொக் அப்சோபர்களிடம் ஒப்படைத்தோம். அவற்றைத் தாங்கும் இரும்புப் பிடிகளை மெல்லிய தகட்டில் அன்றி, உறுதியான உறுப்பிலே போல்ட் இட்டுப் பூட்டினோம். இன்று அந்தப் பிக்கப் நாவலடி மணல்வீதியிலும் அடங்கி ஓடுகிறது.

ஆயினும் வண்டியில் நாம் செய்த பெரிய முன்னேற்றம் வேறொன்று. முன்பெட்டியில் ஒரு கொப்பி வைத்தோம். ஒவ்வொரு 1,000 மைலுக்கும் முன்புறத்தை ஜக்கில் உயர்த்தி, பாரம் நீங்கிய நிலையில், ஆறு நிப்பிள்களையும் துடைத்து, பழைய கிறீஸ் வெளிவரும்வரை புதியது அடித்து, நாளும் மைலும் எழுதி, அடித்தவர் கையொப்பமிட வேண்டும். ஒப்பமிட்டவன் "போயிருக்கும்" என்று சொல்ல முடியாது.

பெரியோர்களே, விஜயதசமியில் நம் வாகனங்களுக்குச் சந்தனமும் குங்குமமும் சாத்துகிறோம். சில்லின் கீழ் எலுமிச்சம்பழம் வைக்கிறோம். நல்ல வழக்கம், அதை விடவேண்டாம். ஆனால் அந்தப் பிக்கப்பின் முகத்திலே சந்தனம் காயாதிருந்தது. அதன் அடியிலேயோ கிறீஸ் காய்ந்திருந்தது. பூசனை கண்ணுக்குத் தெரியும் இடத்தோடு நின்றுவிட்டால் அது பாதிப் பூசனையே. அப்பரடிகள் கையில் இருந்தது உழவாரப்படை. ஆலய வீதியிற் புல் செதுக்கிய கருவி அது. அந்தக் கையை வணங்குகின்ற நாம், எண்ணெய் படிந்த கையைத் தாழ்வாய் எண்ணுவது எப்படிப் பொருந்தும்? நம் மட்டக்களப்பு மண்ணின் மைந்தர் விபுலாநந்த அடிகள் விஞ்ஞானம் கற்றார், கற்பித்தார், விஞ்ஞானத்துக்குத் தமிழ்க் கலைச்சொல் தேடினார். அவர் வழியில் வந்தோம் என்று சொல்லும் மன்றத்துக்குக் கராஜும் ஒரு பள்ளிக்கூடமே.

ஆதலால் மன்றத்தின் முன் ஒரு வேண்டுகோள் வைக்கின்றோம். வருகின்ற ஆடியமாவாசைக்கு முன்னே, தீர்த்தத்துக்கு ஆளோ பாரமோ ஏற்றும் ஊர் வாகனங்கள் எல்லாவற்றையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிரமதானமாகச் சோதிப்போம். ஜக்கும் கிறீஸ் துப்பாக்கியும் நாம் கொண்டுவருவோம். கராஜ் முதியவர் மேற்பார்க்க இசைந்துள்ளார். சாரதி அண்ணனும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். முதல் ஒப்பம் அவருடையதாக இருக்கட்டும்.