விறகு எது?
(ஒரு சொற்பொழிவு)

பூமியிலிருந்து தானாக நெருப்பு எரிந்தால், அதைக் கன்னத்தில் போட்டுக்கொண்டு கும்பிடுவதா, அல்லது அடியில் என்ன இருக்கின்றதென்று பார்ப்பதா என்பதைப் பற்றி இன்று சில வார்த்தைகள் சொல்ல வந்திருக்கின்றோம்.

காஸ்பியன் கடலோரத்தில் பாகு நகருக்கருகே சுராகானி என்ற ஊரில் ஒரு நெருப்புக் கோவில் இருக்கின்றது. 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் நம் வடநாட்டு வியாபாரிகளும் சந்நியாசிகளும் அங்கே போய்த் தவங்கிடந்தார்கள். கணபதி ஸ்துதியோடு அவர்கள் வெட்டி வைத்த வடமொழிக் கல்வெட்டுகள் இன்றும் உள்ளன. விறகில்லாமல் எரிந்த தீ அவர்களுக்குத் தெய்வமாகத் தோன்றிற்று.

விறகு இல்லாமலா எரிந்தது? கோடிக்கணக்கான வருஷங்களாக ஆறுகள் மலையை அரித்து, மணலையும் சேற்றையும் பள்ளத்தில் கொட்டி வந்தன. தென் காஸ்பியன் பள்ளத்தில் அவ்வண்டலின் கனம் 20 கிலோமீட்டருக்கும் மேல்! சேற்றோடு பாசிகளும் நுண்ணுயிர்களும் செத்துப் புதைந்தன. காற்றுப் படாததால் அவை முழுதும் அழுகவில்லை. மேலே பாரம் ஏற ஏற, அவை ஆழத்தில் அமிழ்ந்து வெந்தன. சுமார் 60 முதல் 120 டிகிரி உஷ்ணத்தில் எண்ணெய் உண்டாகும். அதற்கும் மேலே வாயுவே அதிகம். இவை நீரைவிட லேசானவையாதலால் மணற்கல்லின் துவாரங்கள் வழியே மேலேறும். மேலே களிமண் பாறை கவிழ்த்த சட்டிபோல் மூடியிருந்தால் அங்கே தங்கும். சட்டியில் வெடிப்பிருந்தால் கசியும். கசிந்த வாயு தீப்பற்றினால் அதுதான் ஜ்வாலை!

அதே பாகுவில் 1846-ல் இயந்திரத்தால் எண்ணெய்க் கிணறு துளைத்தார்கள். பின்னர் சுராகானியிலும் எண்ணெயும் வாயுவும் எடுக்க எடுக்க, 1969-ல் கோவிலின் இயற்கைத் தீ அணைந்தேவிட்டது. இன்று அங்கே எரிவது குழாய் வழியாக வரும் வாயு. திருகை மூடினால் தெய்வமும் படுத்துக்கொள்ளும்!

நம் காங்க்ரா ஜில்லாவில் ஜ்வாலாமுகி என்றும் ஒரு கோவில் உண்டு. அங்கும் பாறை வெடிப்பில் வருவது வாயுவே. 1950-களின் பிற்பகுதியில் அவ்வட்டாரத்தில் சர்க்கார் துளையிட்டுப் பார்த்தார்கள். வாயு தென்பட்டது; வியாபாரத்துக்குப் போதுமான அளவு கிடைக்கவில்லை. பாகுவில் செல்வம், காங்க்ராவில் ஏமாற்றம். இது தேவியின் கிருபையில் வந்த வித்தியாசமா? வேகவேண்டியது வெந்ததா, கொள்ளும் மணற்கல் போதுமா, மூடி ஒழுகாதிருந்ததா என்று பாறையைத்தான் கேட்கவேண்டும். வண்டல் படிந்த இடமெல்லாம் எண்ணெய்தான் என்பதும் மற்றொரு மூட நம்பிக்கையே.

மேலும், கோடி வருஷத்தில் வெந்ததை நாம் இரண்டொரு நூற்றாண்டில் எரித்துத் தீர்க்கின்றோம். பூஜை செய்தால் அது மறுபடி ஊறாது.

ஆகவே தோழர்களே! இனி எந்த அற்புதத்தின் முன்னாலும், உண்டியலில் காசு போடுமுன், விறகு எது என்று ஒரு கேள்வி கேளுங்கள். கேள்விக்குக் காசு செலவில்லை.