அழையாது முளைத்த செடிகள்
(மன்றத்தின் வாராந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



சித்தாண்டியில் பிறந்து வயலோடு வளர்ந்த நாம், செடிகொடிகளைப் பற்றிப் பிறரிடம் கேட்டறிய வேண்டியவர்களல்லர் என்றே எண்ணியிருந்தோம். நெல்லுக்குள் ஒளிந்து நிற்கும் புல்லைத் தூரத்திலிருந்தே பிரித்தறியும் கண் நமக்குண்டு. அந்தச் செருக்கைச் சென்ற மாரியில் ஒரு சிறு செடி அடக்கிவிட்டது. அதனைச் சொல்லவே இன்று எழுந்தோம்.

பூசைக்கு வேண்டிய பூச்செடிகளை வைப்பதற்கென்று நமது மன்ற வளவிலே பாத்தி கட்டினோம். வெளியிலிருந்து எருவும் கொண்டுவந்து போட்டோம். முதல் மழை விழுந்ததும், நாம் நடாத செடிகள் சில நிலத்தோடு படிந்து வட்டமாக இலை விரித்தன. இலையோ செவ்வந்தி இலையைப்போல் வெட்டுண்டிருந்தது. “எருவோடு செவ்வந்தி வந்திருக்கிறது, முருகன் தந்த வரம்” என்று மகிழ்ந்தோம். நட்ட செடிக்கு வார்த்த நீரிலும் இதற்கு வார்த்த நீரே அதிகம்! பூத்தபோது பார்த்தால், அரிசிக் குறுணல்போல வெண்ணிறச் சிறு பூக்கள். பாத்தி கொத்திய தம்பிமார் இருவருக்குக் கையெல்லாம் தடிப்பும் கடியும். ஒருவருக்கு இழுப்பும் கூடிற்று. பின்னரே விவசாயப் போதனாசிரியரை அழைத்துக் காட்டினோம். அவர் சொன்ன பெயர் பார்த்தீனியம்.

இதன் பிறப்பிடம் மெக்சிக்கோவும் அதனைச் சூழ்ந்த அமெரிக்க நாடுகளும். 1950களின் நடுவில் இந்தியாவின் புனே நகரில் காணப்பட்டது, கோதுமையோடு வந்ததென்பர். இலங்கையில் 1999இல் வவுனியாவில் கண்டறியப்பட்டது. 1987 முதல் 1990 வரை இங்கிருந்த இந்திய அமைதிப்படைக்குக் கொண்டுவந்த ஆடுகளோடு வந்திருக்கலாமெனப் பலர் கூறுவர். ஒரு செடியே பதினையாயிரத்துக்கு மேற்பட்ட விதைகளை உதிர்க்க வல்லது. அவ்விதை எருவிலும், மண்ணிலும், வண்டிச் சில்லிலும் ஒட்டி ஊர்விட்டு ஊர் செல்லும். முளைத்து நாலைந்து வாரத்திலேயே பூக்கவும் கூடும்.

ஆகவே அடையாளத்தை மனத்திற் கொள்ளுங்கள். இளமையில் நிலத்தோடு படிந்த இலைவட்டம். பின் நெடுக வரி விழுந்த, மயிர் படர்ந்த தண்டு. உச்சியிலே பல கிளை. ஒவ்வொரு பூவிலும் ஐந்து சிறு மூலைகள். பூக்குமுன், மண் ஈரமாயிருக்கும்போது, கையுறை அணிந்து வேரோடு பிடுங்க வேண்டும். இழுப்பு நோயுள்ளவர் கிட்டவே போகலாகாது.

அன்பர்களே, இதன்பின் நாம் இன்னொரு பிழையும் செய்யப் பார்த்தோம். அச்சம் மேலிட்டு, பெயர் தெரியாத செடியெல்லாவற்றையும் வெட்டி எறியப் புறப்பட்டோம். அயல்வீட்டு அம்மா ஒருவர் வேலியருகே நின்று, “மக்காள், அது கீழ்க்காய்நெல்லி, இது குப்பைமேனி, அது தும்பை, மருந்தையெல்லாம் குப்பையிலா போடப் போறீங்க?” என்று தடுத்தார். நாம் தலைகுனிந்து நின்றோம். பார்த்தீனியத்தை வளர்த்ததும் அறியாமை. தும்பையை வெட்டப் போனதும் அறியாமையே.

மூன்றாவது வகை அறியாமை உயிரையே கொள்ளும். வேலியிலே தானாகப் படரும் கார்த்திகைப் பூவின் கிழங்கை உண்ணுங் கிழங்கென மயங்கி அவித்துத் தின்று மாண்டவர்கள் நம் நாட்டில் உண்டு. அதிலுள்ள கொல்சிசின் என்னும் நஞ்சு அவித்தாலும் போகாது.

அறியாத செடியைக் கண்டால் என் செய்வது? ஓரிலையை மாத்திரம் பார்த்து முடிவு செய்யலாகாது. இலைகள் எதிரெதிராக நிற்கின்றனவா, மாறி மாறி நிற்கின்றனவா? கிள்ளினாற் பால் வருகிறதா? தண்டு உருண்டையா, சதுரமா? பூவும் காயும் எத்தகையன? இவற்றைக் குறித்துக்கொண்டு முதியோரிடம் கேளுங்கள். அவர்களும் அறியாவிடின் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். அயலிலே வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் இருக்கிறது. ஐயமான செடியை மூடிக் கட்டிய பையிலேயே கொண்டுபோக வேண்டும். இல்லையேல் வழியெல்லாம் விதைத்தவர்களாவோம். பெயர் உறுதியாகும்வரை வாயில் வைப்பதுமில்லை, நீர் வார்ப்பதுமில்லை என்பது நமது விதியாகட்டும்.

முள்மரத்தை இளையதாக இருக்கும்போதே களைக என்றார் வள்ளுவர். ஆனால் முள்மரம் எது, மருந்துமரம் எது என்று அறிந்தவன் கைக்கே அக்கத்தி உரியது. அடுத்த மாரிக்கு முன் நாம் ஒவ்வொருவரும் தத்தம் வளவிலே பத்துச் செடிகளின் பெயரைக் கேட்டறிந்து, மன்றத்துக் குறிப்புப் புத்தகத்தில் எழுதுவோமாக. நம் முதியோரோடு மறைந்துபோகும் அறிவில் ஒரு பங்கையாவது அப்புத்தகம் காக்கும்.