யுத்தகாலத்தில் ஏர் பிடித்த மங்கையர்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் உங்களிற் பலருக்குப் புதுமையாகத் தோன்றலாம். இரண்டாவது உலக மகாயுத்தம் என்றதும் நம் மனக்கண் முன் வருபவர்கள் தளபதிகளும் விமானிகளுமே. மிஷன் பாடசாலையில் நான் படித்த சரித்திர நூலிலும் சேர்ச்சிலும் மொன்ற்கொமறியும் பக்கம் பக்கமாக இடம்பெற்றிருந்தார்கள். ஆனால் அவர்கள் உண்ட ரொட்டிக்குக் கோதுமை விளைவித்தவர் யார் என்பதை அந்நூல் ஒரு வரியிலேனும் சொல்லவில்லை. அந்நூல் சொல்லாது விட்ட பெண்களைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

பிரித்தானியா ஒரு தீவு. யுத்தத்துக்கு முன் அத்தீவு மக்களின் உணவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கப்பலிலேயே வந்தது. கனடாவிலிருந்து கோதுமை, நியூசிலாந்திலிருந்து வெண்ணெய், ஆர்ஜென்ரீனாவிலிருந்து இறைச்சி என்று கடல் கடந்து வந்தவையே அவர்கள் மேசையை நிரப்பின. ஜேர்மனியின் நீர்மூழ்கிகள் அக்கப்பல்களை மூழ்கடிக்கத் தொடங்கியதும், துப்பாக்கி இல்லாமலே ஒரு நாட்டைப் பணியவைக்கலாம் என்ற அபாயம் எழுந்தது. இது நமக்கு விளங்காத கதையன்று. அதே யுத்தத்தில், 1942ஆம் ஆண்டு பர்மா யப்பானியர் கையில் வீழ்ந்தபோது, அங்கிருந்து இலங்கைக்கு வந்த அரிசி நின்றுபோயிற்று. கூப்பன் அரிசிக்குக் காத்து நின்ற கதையை நம் வீட்டு முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

உணவைத் தம் மண்ணிலேயே விளைவித்தாக வேண்டும். ஆனால் வயலில் நின்ற வாலிபர்கள் படைக்குப் போகின்றனர். அப்படியாயின் ஏரைப் பிடிப்பவர் யார்? இக்கேள்விக்கு விடையாக எழுந்ததே மாதர் நிலப்படை. முதலாம் மகாயுத்தத்தின்போது 1917இல் அது முதன்முதலாக அமைக்கப்பட்டு, 1919இல் கலைக்கப்பட்டது. 1939 ஜூன் மாதம், அடுத்த யுத்தம் மூளுவதற்கு மூன்று மாதம் முன்பாகவே, மீண்டும் உயிர்பெற்றது. அதற்குத் தலைமை தாங்கியவர் டென்மன் சீமாட்டியார். சசெக்ஸ் பகுதியிலிருந்த தமது இல்லமாகிய பல்கோம் பிளேசையே அவர் தலைமைக் காரியாலயமாக்கினார்.

இப்படையிற் சேர்ந்தவர்கள் எல்லோரும் உழவர் வீட்டுப் பெண்கள் என்று எண்ணிவிடாதீர்கள். மூன்றில் ஒரு பங்கினர் இலண்டனிலிருந்தும் வேறு பெரு நகரங்களிலிருந்தும் வந்தவர்கள். தட்டெழுத்துச் செய்தவர், கடையில் துணி விற்றவர், ஆலையில் நூல் நூற்றவர் இவர்களுள் இருந்தனர். பசுவைப் படத்தில் மாத்திரம் கண்டவர்களும் இருந்தனர். இவர்களுக்குப் பால் கறக்கப் பழக்குவதற்காக, துணிப்பையில் றப்பர்க் காம்புகளைப் பொருத்திப் பொய்மடி செய்து தொங்கவிட்டார்கள்! சிலருக்குச் சில வாரப் பயிற்சி கிடைத்தது. பலர் அதுவுமின்றி நேரே பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தனர். பச்சை நிறக் கம்பளிச் சட்டை, மண்ணிறக் காற்சட்டை, தலையில் ஒரு தொப்பி: இதுவே அவர்களது சீருடை.

"பட்டணத்துப் பெண்ணுக்கு வயலில் என்ன வேலை?" என்று பண்ணைக்காரர் பலர் நகைத்தனர். பதில் சொல்லி வாதாடப் பெண்களுக்கு நேரம் இருக்கவில்லை. விடியுமுன் எழுந்து பால் கறந்தார்கள். உழவு இயந்திரம் ஓட்டினார்கள். உறைபனியில் விரல் மரக்க மரக்கக் கிழங்கு பிடுங்கினார்கள். கதிரடிக்கும் இயந்திரத்தின் தூசியில் நாள் முழுதும் நின்றார்கள். தானியம் தின்னும் எலிகளை ஒழித்தார்கள். 1942இல் மாதர் மரப்படை என்றொரு பிரிவும் அமைந்தது. அதிற் சேர்ந்தவர்கள் காட்டில் மரம் தறித்து, நிலக்கரிச் சுரங்கங்களுக்கு முட்டுமரம் அனுப்பினார்கள். 1941 டிசம்பரில் மணமாகாத இளம் பெண்களையும் தேசிய சேவைக்கு அழைக்கும் சட்டம் வந்தபின் மேலும் பலர் இப்படையை நாடினர். 1944ஆம் ஆண்டளவில் அதன் தொகை 80,000ஐத் தாண்டியது. அவர்களுள் 22,000 பேர் 700 விடுதிகளில் தங்கியிருந்தனர்.

வேதனம் எவ்வளவு தெரியுமா? தொடக்கத்தில் கிழமைக்கு 28 சிலிங். அதிலும் பாதி, அதாவது 14 சிலிங், உணவுக்கும் உறையுளுக்குமாகக் கழிக்கப்பட்டது. அப்போது விவசாயத் தொழிலாளியின் சராசரிக் கூலி 38 சிலிங். கோடையில் கிழமைக்கு 50 மணி நேர வேலை. அறுவடை வந்துவிட்டால் மணிக்கணக்கு ஏது?

பயன் என்ன என்று கேட்பீர்கள். யுத்த காலத்தில் ஏறக்குறைய 60 இலட்சம் ஏக்கர் நிலம் புதிதாக உழவுக்கு வந்தது. பெண்கள் மாத்திரமே இதைச் சாதித்தார்கள் என்று நான் கூறமாட்டேன். முதிய உழவரும், போர்க்கைதிகளும், பாடசாலைப் பிள்ளைகளும் அவ்வயல்களிற் பாடுபட்டனர். ஆயினும் நிலப்படைப் பெண்கள் இல்லாதிருந்தால் அந்நிலத்தில் எவ்வளவு தரிசாகவே கிடந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

நண்பர்களே, இனித்தான் நான் சொல்லவந்த விஷயத்துக்கு வருகிறேன். யுத்தம் முடியுந் தறுவாயில், படைகளிற் சேவைசெய்த பெண்களுக்கு நன்கொடைப் பணமும் வேறு சலுகைகளும் வழங்க அரசாங்கம் திட்டமிட்டது. நிலப்படையினருக்கு அவை இல்லை என்று கூறிவிட்டது. "நீங்கள் பண்ணைக்காரரிடம் கூலி பெற்ற தொழிலாளர், அரசரின் படையினர் அல்லர்" என்பதே அதன் வாதத்தின் சாரம். இவர்களுக்குக் கொடுத்தால் தொழிற்சாலைப் பெண்களும் கேட்பார்களே என்பதும் நியாயமான சங்கடந்தான். ஆனால் படை என்று பெயர் சூட்டியவர் யார்? சீருடை அணிவித்தவர் யார்? நாட்டின் எப்பகுதிக்கும் செல்லச் சம்மதம் என்று ஒப்பம் வாங்கியவர் யார்? வேலை வாங்கும்போது போர்வீரர், வெகுமதி கொடுக்கும்போது கூலியாள் என்பது எந்த நீதி?

டென்மன் சீமாட்டியார் இந்த அநீதியைப் பொறுக்கவில்லை. 1945 பெப்ரவரியில் தம் பதவியைத் துறந்தார். பட்டம் பதவிக்காகக் கொள்கையை விடுவோர் மலிந்த உலகிலே, கொள்கைக்காகப் பதவியை விட்ட அம்மையாரை நாம் வணங்கத்தான் வேண்டும்.

அவர் விலகியும் வேலை நிற்கவில்லை என்பதையும் கவனியுங்கள். யுத்தம் ஓய்ந்த பின்னரும் பஞ்சம் ஓயவில்லை. யுத்த காலத்திலும் பங்கீடு செய்யப்படாத ரொட்டி 1946 ஜூலையில் பங்கீட்டுக்கு வந்தது. வெகுமதி மறுக்கப்பட்ட அதே படை 1950 வரை வயலில் நின்றது. அவ்வாண்டு ஒக்ரோபரில் பக்கிங்ஹாம் அரண்மனையில், இராணியார் முன்னிலையில், இறுதி அணிவகுப்பு நடந்தது. அத்துடன் கதை முடிந்தது. முறையான நன்றி வந்தது 2008இல்! உயிரோடிருந்த நிலப்படையினருக்கும் மரப்படையினருக்கும் அவ்வாண்டில் அரசாங்கம் ஒரு பதக்கச் சின்னம் வழங்கியது. அவர்களுள் மிக இளையவரும் அப்போது எழுபது வயதைக் கடந்திருந்தார். தோழியர் எத்தனையோ பேர் அதற்குள் மண்ணோடு மண்ணாகிவிட்டார்கள்.

இதிலிருந்து நாம் கற்கவேண்டியது ஒன்று உண்டு. பசித்தவேளையில் உழவரை நினைக்கிறோம்; வயிறு நிறைந்ததும் மறக்கிறோம். அவ்வுழவர் பெண்ணாக இருந்துவிட்டால் இன்னும் விரைவாக மறக்கிறோம். நம் வயல்களிலே நாற்று நடுவதும் களை பிடுங்குவதும் பெரும்பாலும் பெண்களே. அவர்கள் கையிற் கொடுக்கப்படும் கூலி ஆண்களின் கூலியிலும் குறைவு என்பதை இங்கிருக்கும் பெரியோர்கள் என்னிலும் நன்கு அறிவார்கள். அதைச் சீர்செய்ய ஒரு யுத்தம் வரவேண்டியதில்லை. அறுபது ஆண்டு காத்திருக்கவும் வேண்டியதில்லை. இவ்வாண்டு அறுவடையிலேயே தொடங்கலாம். வயலுடைய பெரியோர்கள் மனம் வைத்தால் முடியும். வாலிபர்களாகிய நாம் அதை அவர்களிடம் பணிவோடு கேட்கவேண்டும்.