கொழுப்பு மாத்திரையும் கால் வலியும்

(ஜமாஅத்தின் சார்பில் மதரஸா மண்டபத்தில் நடைபெற்ற இதயநல மருத்துவ முகாமின் தொடக்கத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)

 

மருத்துவ முகாமில் பேசுவதற்கு மருத்துவர்கள் இருக்கின்றனர். ஓதிக் கொடுப்பதும் தொழ வைப்பதும் பணியாகக் கொண்ட எனக்கு இங்கே என்ன வேலை என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். நிர்வாகக் குழுவினர் அழைத்து நான் பேச வரவில்லை. நானே அவர்களிடம் பதினைந்து நிமிடம் கேட்டுப் பெற்றேன். நான் செய்த தவறு ஒன்றை, அது யார் யார் காதுகளில் விழுந்ததோ அவர்கள் முன்னிலையிலேயே திருத்த வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது.

2022-ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் கழிந்த சில வாரங்களில் எனக்கு நெஞ்சுவலி வந்ததும், இரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைக்கப்பட்டதும் உங்கள் அனைவருக்கும் தெரியும். என் தந்தையார் ஐம்பத்திரண்டு வயதில் மாரடைப்பால் மறைந்தவர். ஆகவே என் இல்லத்தார் பட்ட அச்சத்தை நான் விவரிக்க வேண்டியதில்லை. வீடு திரும்பும்போது ஐந்து வகை மாத்திரைகள் கொடுத்தனுப்பினர். அவற்றுள் ஒன்று அடோர்வாஸ்டாட்டின் 80 மில்லிகிராம். நம்மவர்கள் பொதுவாகக் 'கொழுப்பு மாத்திரை' என்று சொல்வது இதைத்தான்.

ஏறத்தாழ ஆறு வாரங்களில் இரண்டு தொடைகளிலும் ஒரு கனமான வலி தொடங்கிற்று. மிதிவண்டியில் நெடுந்தொலைவு சென்று வந்தவனுக்கு மறுநாள் இருக்குமே, அத்தகைய வலி. ஸுஜூதிலிருந்து எழும்போது தரையில் கையூன்றாமல் எழ முடியவில்லை. ஒருநாள் மஃக்ரிபுத் தொழுகையில் இரண்டாம் ரக்அத்திற்கு எழச் சற்றுத் தாமதித்துவிட்டேன். இமாம் மறந்து உட்கார்ந்துவிட்டார் என்று கருதிப் பின்னாலிருந்து ஒருவர் 'ஸுப்ஹானல்லாஹ்' என்று நினைவூட்டினார். நான் மறக்கவில்லை, எழ இயலவில்லை என்பதை அன்று எவரிடமும் சொல்ல வெட்கப்பட்டேன். நாற்பத்து நான்கு வயதில் உட்கார்ந்து தொழ வைக்கும் நிலை வந்துவிடுமோ என்ற கவலை என்னை உறங்கவிடவில்லை.

மாத்திரைப் பெட்டியினுள் மடித்து வைத்திருக்கும் துண்டுத்தாளை எடுத்துப் படித்தேன். பக்க விளைவுகள் என்ற பகுதியில் தசைவலி என்றிருந்தது. அவ்வளவுதான், நானே நோயாளியாகவும் நானே மருத்துவனாகவும் ஆகி, அந்த ஒரு மாத்திரையை மட்டும் நிறுத்திவிட்டேன். இரண்டு வாரத்தில் வலி வெகுவாகக் குறைந்தது. அந்த மகிழ்ச்சியில், கேட்டவர் கேளாதவர் அனைவரிடமும் அதைச் சொன்னேன்.

அப்படிக் கேட்டவர்களுள் ஒருவர் நம் மஹல்லாவின் பெரியவர். பல ஆண்டுகளுக்கு முன்பே இருதய அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர். அவருடைய குடும்பத்தாரின் இசைவோடுதான் இதைச் சொல்கிறேன். இஷாவுக்குப் பின் என்னருகில் வந்து, "ஹஜ்ரத், எனக்கும் காலெல்லாம் வலிக்குது, அந்த மாத்திரைதானா?" என்று வினவினார். "நான் நிறுத்திவிட்டேன் மாமா, இப்போது நலமாக இருக்கிறேன்" என்றேன். 'நீங்களும் நிறுத்துங்கள்' என்று நான் சொல்லவில்லைதான். ஆயினும் மிஹ்ராபில் நிற்பவன் 'நான் செய்தேன்' என்று சொன்னால், அது கேட்பவர் காதில் 'நீயும் செய்' என்றே விழும் என்பதை நான் அறியாதவன் அல்லன்.

நான்காம் மாதம் மருத்துவரிடம் சென்றேன். முன்பு 62 ஆக இறங்கியிருந்த என் எல்.டி.எல். என்னும் கெட்ட கொழுப்பு 148 ஆகியிருந்தது. அவர் கேட்டார், ஒப்புக்கொண்டேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. "வலி வந்த அன்றே ஏன் என்னிடம் சொல்லவில்லை?" என்று மட்டும் கேட்டார். பிறகு இரண்டு இரத்தப் பரிசோதனைகள் எழுதினார். ஒன்று சி.பி.கே.; தசை சிதைகிறதா என்று காட்டுவது. மற்றொன்று தைராய்டு. தசை நலமாகவே இருந்தது. தைராய்டு சுரப்போ மிகவும் குறைந்திருந்தது. தைராய்டு குறைந்தாலே தசைவலி வரும், கொழுப்பும் கூடும், அந்நிலையில் இந்த மாத்திரையைத் தாங்கும் ஆற்றலும் உடலுக்குக் குறையும் என்று விளக்கினார். முதலில் தைராய்டுக்கு மருந்து கொடுத்துச் சரி செய்தார். அதன்பின் மாத்திரையை மாற்றி, ரோசுவாஸ்டாட்டின் 10 மில்லிகிராமும் எசெட்டிமைப் 10 மில்லிகிராமும் கொடுத்தார். இன்று என் எல்.டி.எல். 58. ஸுஜூதிலிருந்து கையூன்றாமல் எழுகிறேன், நீங்களே பார்க்கிறீர்கள்.

இதோடு முடிந்திருந்தால் இந்த உரைக்குத் தேவையில்லை. நிறுத்தியதைப் பத்துப் பேரிடம் சொன்ன நான், மீண்டும் தொடங்கியதை ஒருவரிடமும் சொல்லவில்லை. அந்தப் பெரியவரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றியது உண்மை, நாணம் தடுத்தது. ஆறு வாரம் கழித்து ஒரு பின்னிரவில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் வலக்கை இன்னும் சரியாக எழும்பவில்லை, பேச்சு குழறுகிறது. நலம் விசாரிக்கச் சென்றபோது அவருடைய மகன் கோபமில்லாமல்தான் சொன்னார்: "நீங்க நிறுத்திட்டீங்கன்னு கேட்டுத்தான் அத்தாவும் நிறுத்தினாங்க ஹஜ்ரத்."

மாத்திரையை நிறுத்தியதால்தான் இது வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியுமா என்று மருத்துவரிடம் கேட்டேன். ஒரு தனி மனிதர் விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியாது என்றார். ஆனால் ஏற்கெனவே இருதய நோய் கண்டவர் இம்மருந்தை விட்டால், மாரடைப்பும் பக்கவாதமும் வரும் ஆபத்து கூடுகிறது என்பதில் ஐயமில்லை என்றார். அந்தப் பதிலோடுதான் நான் இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

அதன் பிறகு இந்த மருந்தைப் பற்றிக் கேட்டும் படித்தும் அறிந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அரிசியில் பூக்கும் பூஞ்சணத்திலிருந்து தொடங்கியது இதன் வரலாறு என்றால் வியப்பீர்கள். ஜப்பானிய அறிஞர் அகிரா எண்டோ ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நுண்ணுயிர்களைச் சோதித்து, கியோத்தோ நகரின் தானியக் கடை ஒன்றில் எடுத்த அரிசியில் இருந்த நீலப்பச்சைப் பூஞ்சணத்திலிருந்து 1973-இல் இவ்வகையின் முதல் பொருளைக் கண்டறிந்தார். அவர் 2024-இல் தமது தொண்ணூறாம் வயதில் காலமானார். 'ஆங்கில மருந்து வேண்டாம், இயற்கையாக வேண்டும்' என்று சிகப்பு ஈஸ்ட் அரிசி மாத்திரையைத் தேடி வாங்குவோர் இதைக் கவனிக்க வேண்டும். அதிலுள்ள பொருள் லோவாஸ்டாட்டின் என்னும் மாத்திரையில் உள்ளதேதான். எவ்வளவு இருக்கிறது என்ற அளவுதான் தெரியாது.

இம்மருந்து கல்லீரலில் கொழுப்பு உற்பத்தியாவதைத் தடுக்கிறது. தனக்கு வேண்டிய கொழுப்பைக் கல்லீரல் அப்போது இரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்கிறது, இரத்தத்தில் எல்.டி.எல். குறைகிறது. குழாயின் சுவரில் படிந்திருக்கும் கொழுப்புக் கட்டி வெடித்துவிடாமல் உறுதிப்படவும் உதவுகிறது. நிறுத்தியவுடன் ஒன்றும் ஆகவில்லையே என்று நாம் ஏமாறுவது இதனால்தான். வலி போனது நமக்குத் தெரிகிறது. குழாயினுள் நடப்பது தெரிவதில்லை.

இனி வலி. லண்டனில் செய்த ஓர் ஆய்வு 2020-இல் வெளிவந்தது. பக்க விளைவு தாங்காமல் இம்மருந்தை நிறுத்திய 60 பேரைச் சேர்த்து, ஓராண்டில் நான்கு மாதம் உண்மையான மாத்திரை, நான்கு மாதம் மருந்தே இல்லாத வெற்று மாத்திரை, நான்கு மாதம் எதுவுமில்லை என்று மாற்றி மாற்றிக் கொடுத்தனர். எது எந்த மாத்திரை என்று அவர்களுக்குத் தெரியாது. தொல்லையின் அளவை நூறுக்கு இத்தனை என்று தினமும் அவர்களே குறித்தனர். மாத்திரையே இல்லாத மாதங்களில் சராசரி 8. வெற்று மாத்திரையில் 15.4, உண்மை மாத்திரையில் 16.3. அதாவது தொல்லையின் பெரும்பகுதி, மாத்திரை விழுங்குகிறோம் என்ற எண்ணத்தோடு வந்தது. இந்த முடிவைக் காட்டிய பிறகு அவர்களில் பாதிப் பேர் மருந்தை மீண்டும் தொடங்கினர்.

இதைக் கேட்டுவிட்டு, வீட்டில் வலி என்று சொல்லும் பெற்றோரிடம் 'எல்லாம் உங்கள் மனப்பிரமை' என்று எவரும் சொல்லிவிட வேண்டாம். வலி வலிதான். மருந்தாலேயே வருகிற வலியும் உண்டு. பல ஆய்வுகளை ஒன்றாக்கி 2022-இல் வெளியிட்ட கணக்கின்படி, முதல் ஆண்டில் ஆயிரம் பேருக்குச் சுமார் பதினொரு பேர் இந்த மருந்தினால் கூடுதலாகத் தசைவலி காண்கின்றனர். அந்தப் பதினொருவரில் நாம் ஒருவரா என்பதைத் தீர்மானிக்கச் சில அடையாளங்கள் உண்டு. மருந்தால் வரும் வலி பெரும்பாலும் இருபுறமும் சமமாக, தொடை, பிட்டம், கெண்டைக்கால், தோள் போன்ற பெரிய தசைகளில், மருந்து தொடங்கிய அல்லது அளவைக் கூட்டிய சில வாரங்களில் வரும். ஒரு முழங்கால் மட்டும் மடக்க முடியாமல் வலித்தால் அது மூட்டுத் தேய்மானமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நம் பள்ளியின் கடைசி வரிசையில் ஆண்டுதோறும் நாற்காலிகள் கூடிக்கொண்டே போகின்றன. அத்தனைக்கும் இந்த மாத்திரையைக் குற்றம் சொல்ல முடியாது!

வலிக்கும் நிறுத்துவதற்கும் இடையே எத்தனையோ படிகள் இருப்பதை அறியாததே நான் செய்த பிழை. தைராய்டு, வைட்டமின் டி, சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றைப் பார்க்கலாம். அளவைக் குறைக்கலாம். வேறு ஸ்டாட்டினுக்கு மாற்றலாம். ஒன்று ஒத்துக்கொள்ளாதவருக்கு மற்றொன்று ஒத்துக்கொள்வது சாதாரணம். ரோசுவாஸ்டாட்டினை ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுப்பதும் உண்டு. ஆசிய மக்களின் இரத்தத்தில் அந்த மருந்தின் அளவு கூடுதலாகவே ஏறுவதால், நம்மவர்க்குக் குறைந்த அளவில் தொடங்குவது வழக்கம். குறைந்த அளவோடு எசெட்டிமைப் சேர்க்கலாம். தென்கொரியாவில் 3,780 இருதய நோயாளிகளிடம் செய்து 2022-இல் வெளியான ஆய்வில், ரோசுவாஸ்டாட்டின் 10-உடன் எசெட்டிமைப் சேர்த்தவர்கள், 20 மட்டும் உண்டவர்களுக்குக் குறையாத பாதுகாப்புப் பெற்றனர். தாங்க முடியாமல் மருந்தை நிறுத்தியோ குறைத்தோ கொண்டவர்களும் அவர்களில் குறைவு. ஸ்டாட்டின் அறவே ஒவ்வாதவர்க்குப் பெம்பிடோயிக் அமிலம் என்ற மாத்திரையும் ஊசி மருந்துகளும் வந்துவிட்டன. ஊசிகளின் விலை நமக்கு எட்டாதது என்பது வேறு விஷயம்.

மற்ற மருந்துகளோடு மோதுவதையும் கவனிக்க வேண்டும். சளி, தொண்டைப்புண்ணுக்குக் கொடுக்கும் கிளாரித்ரோமைசின், படர்தாமரைக்குக் கொடுக்கும் இட்ராகோனசோல் போன்றவை சில ஸ்டாட்டின்களை உடலில் தேங்கச் செய்துவிடும். மருந்துக்கடையில் நின்று 'காய்ச்சலுக்கு ஏதாவது கொடுங்கள்' என்று வாங்கும் பழக்கம் நம்மிடையே மிகுதி. கொழுப்பு மாத்திரை உண்பவர் அதைச் சொல்லாமல் எந்த மருந்தும் வாங்கலாகாது. சர்க்கரை நோயின் விளிம்பில் இருப்பவர்க்கு இம்மருந்து சர்க்கரையைச் சிறிது கூட்டக்கூடும். அதற்காக நிறுத்துவதில்லை, சர்க்கரையைப் பார்த்துக்கொள்வதே முறை. சகோதரிகள் கருவுற்றாலோ கருவுற எண்ணினாலோ உடனே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

கேட்காமலேயே நிறுத்திவிட்டு ஓட வேண்டிய நிலையும் ஒன்று உண்டு. உடலெங்கும் கடும் வலியும் தளர்ச்சியும் வந்து, சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனாலும், கண்கள் மஞ்சளானாலும், அன்றைய மாத்திரையை உண்ணாமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கடும் வலியோடு சிறுநீர் நிறம் மாறுவது, தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கும் நிலையாக இருக்கலாம். மிக மிக அரிது. வந்தால் தாமதிக்க நேரமில்லை.

ரமளானில் என்ன செய்வது என்று பலர் கேட்கின்றனர். அடோர்வாஸ்டாட்டினும் ரோசுவாஸ்டாட்டினும் நெடுநேரம் உடலில் நிற்பவை. நாளில் எந்த நேரமும் உண்ணலாம் என்பதால் நோன்பு திறந்த பின் உண்டால் போதும். சிம்வாஸ்டாட்டின் விரைவில் கரைந்துபோவது. கல்லீரல் இரவில்தான் கொழுப்பை அதிகம் ஆக்குகிறது, ஆகவே அதை இரவில் உண்பதே வழக்கம். இந்த மாத்திரையைப் பொறுத்தவரை நோன்பைக் காரணம் காட்டி ஒரு மாதம் விட வேண்டிய தேவையே இல்லை. மற்ற மருந்துகள் பற்றி ரமளானுக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் நிறுத்தியதைக் கேட்டு நிறுத்தியவர்கள் இந்த மண்டபத்தில் இன்னும் சிலர் இருக்கலாம். அவர்களிடம் நான் மன்னிப்புக் கோருகிறேன். என் பெயரைச் சொல்லியே மருத்துவரிடம் விஷயத்தைச் சொல்லுங்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. வீட்டில் மாத்திரை அட்டைகளை விட்டு வந்தவர்கள் போய் எடுத்து வாருங்கள். பழைய சீட்டும் இருந்தால் கொண்டு வாருங்கள். அஸர் வரை மருத்துவர்கள் இருப்பார்கள். அந்தப் பெரியவரைச் சக்கர நாற்காலியில் அவருடைய மகன் அழைத்து வந்திருக்கிறார். முதல் டோக்கன் அவர்களுடையது, வழிவிட்டு அமருங்கள். வஸ்ஸலாம்.