உலோகத்தைத் துளைக்கையில் நீரும் எண்ணெயும்

(சங்கப் பட்டறை பற்றி அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)

 

கணக்குப் பரிசோதிக்க வருபவன் பற்றுவரவைப் பற்றிப் பேசுவதே வழக்கம். இன்று இரும்பைத் துளைப்பதைப் பற்றிப் பேச எழுந்திருக்கிறேன். இரண்டிற்கும் சம்பந்தம் உண்டு. விவசாயக் கருவிகளைப் பழுதுபார்க்கச் சங்கம் ஒரு பட்டறை நடத்துமாயின், டிரில் பிட்டு என்று வழங்கும் துறப்பண அலகும், இரும்பறுக்கும் ரம்பமும் எல்லோருடைய பணத்தில் வாங்கிய பொதுச் சொத்தாகும். ஒரு கலப்பைக்கொழுவில் துளையிடும்போது அலகு கருகிப் போனால், அந்த நஷ்டம் அங்கத்தினர் அனைவரையும் சாரும்.

அலகு கருகுவது ஏன்? உலோகத்தைச் சீவும்போது அது நசுங்கி, வளைந்து, சுருளாகப் பெயர்ந்து, கருவியின் முகத்தில் உராய்ந்துகொண்டு வெளிவருகிறது. நசுக்கலும் உராய்தலும் உஷ்ணத்தை உண்டாக்குகின்றன. அந்த உஷ்ணம் எவ்வளவு பெரிது என்பதை ரம்போர்டு பிரபு 1798-ஆம் வருஷத்தில் உலகத்திற்கு எடுத்துக் காட்டினார். ம்யூனிக் நகரத்தில் பீரங்கி வார்ப்பு ஒன்றைக் குதிரைகளைக் கொண்டு சுழற்றி, மழுங்கிய துளைகருவி ஒன்றை அதில் அழுத்தி வைத்தார். சுற்றியிருந்த தண்ணீர் நெருப்பே இல்லாமல் சுமார் இரண்டரை மணி நேரத்தில் கொதித்தது.

இனி, உஷ்ணம் கருவியை என்ன செய்யும் என்பதை நம் கொல்லர்களைக் கேட்டால் போதும். துவைச்சல் கொடுத்த உருக்கை மறுபடி காய்ச்சினால் முதலில் வைக்கோல் நிறம் தோன்றும். சுமார் 300 டிகிரி சென்டிகிரேடில் நீலம் பாயும். நீலம் பாய்ந்த வாய் பழைய கடினத்தை இழந்துவிடும். சாதாரணக் கருவி உருக்கின் நிலைமை இது. அதிவேக உருக்கு என்னும் ஹைஸ்பீடு ஸ்டீல் அலகு சுமார் 600 டிகிரி வரை தாங்கும். ஆயினும் உலர்ந்த உராய்வினால் அதுவும் விரைவில் தேயும்.

ஆகவே நமக்கு இரண்டு உதவிகள் வேண்டும். ஒன்று குளிர்விப்பது, மற்றொன்று வழுக்கச் செய்வது. குளிர்விப்பதில் தண்ணீருக்கு நிகர் இல்லை. வழுக்கச் செய்வதில் எண்ணெயே சிறந்தது. பிரடெரிக் டெய்லர் என்னும் அமெரிக்க எஞ்சினீயர், சுருள் பெயரும் இடத்திலேயே தண்ணீரைத் தாராளமாக ஓடவிட்டால் உருக்கைச் சீவும் வேகத்தை நூற்றுக்கு 40 வரை கூட்டலாம் என்று 1880-களில் கண்டு, 1906-ல் அதை விவரித்து எழுதினார். துருப்பிடிக்காதிருக்க அந்நீரில் சோடாவைக் கலந்தனர்.

தற்காலத்தில் இவ்விரு குணங்களையும் ஒன்றுசேர்த்து, நீரில் கரையும் கூலண்ட் எண்ணெய் கிடைக்கிறது. ஒரு பங்கு எண்ணெய்க்கு 20 பங்கு தண்ணீர் என்பது சாதாரணமாக வழங்கும் அளவு. டப்பாவின்மேல் வேறு அளவு குறித்திருந்தால் அதையே பின்பற்றுக. தண்ணீரில் எண்ணெயைச் சிறுகச் சிறுக ஊற்றிக் கலக்க வேண்டும். எண்ணெயில் தண்ணீரை ஊற்றினால் பாலைப்போல் சேராமல் திரிந்துபோகும்.

எந்த உலோகத்திற்கு எது என்பதை நினைவில் வையுங்கள். உருக்கையும் சாதாரண இரும்புத் தகடுகளையும் துளைக்கக் கூலண்ட் நீரோ எண்ணெயோ அவசியம். மரையிடும் வேலை மெதுவாக நடப்பது. அங்கே குளிர்ச்சியைவிட வழுக்கலே பிரதானம். ஆகையால் கெட்டியான எண்ணெய் வேண்டும். வார்ப்பிரும்பினுள் காரீயக் கரி கலந்திருப்பதால் அது தனக்குத்தானே வழுக்கும். அதை உலர்வாகவே துளைக்கலாம். எண்ணெய் இட்டால் தூளுடன் சேர்ந்து சேறாகி வழியை அடைக்கும். பித்தளையையும் பெரும்பாலும் உலர்வாகவே துளைக்கலாம். அலுமினியம் அலகில் ஒட்டிக்கொள்ளும் குணமுடையது. மண்ணெண்ணெயைத் தடவி வேலை செய்வது பழைய வழக்கம். தீப்பொறி பறக்கும் இடத்தில் மாத்திரம் அது கூடாது.

எண்ணெய் ஊற்றுவதாலேயே எல்லாம் சரியாகிவிடாது. வேகம் மிஞ்சினாலும், அலகு மழுங்கியிருந்தாலும், ஆழமான துளையில் சுருள் அடைத்துக்கொண்டாலும் எண்ணெய் காப்பாற்றாது. அலகை அடிக்கடி மேலே தூக்கிச் சுருளை வெளியேற்றுங்கள். துளைக்கத் தொடங்கும்போதே எண்ணெயும் தொடங்க வேண்டும். புகையும்படி காய்ந்தபின் திடீரென்று தண்ணீர் கொட்டினால் கருவியில் வெடிப்பு விழலாம். கார்பைடு முனைக்கு இது மிகவும் ஆகாது.

உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். இயந்திரத்திலிருந்து வடித்த பழைய எஞ்சின் எண்ணெய் இனாமாகக் கிடைக்கிறதென்று இவ்வேலைக்கு உபயோகிக்காதீர்கள். அதில் தோலின் வழியாகத் தீங்கு செய்து, புற்றுநோய்க்கும் காரணமாகக்கூடிய பொருள்கள் உள்ளன. நல்ல எண்ணெயானாலும் வேலை முடிந்ததும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுக; எண்ணெய் ஊறிய துணியை உடுத்தியிருக்க வேண்டாம். நாற்றமெடுத்த கூலண்டில் கிருமிகள் பெருகியிருக்கும்; அதை மாற்றுக. மின்சாரக் கைத்துறப்பணத்தின்மேல் தண்ணீர் தெறிக்க விடுவது உயிருக்கே ஆபத்து; அங்கே தூரிகையால் சிறிது எண்ணெய் தடவினால் போதும்.

இனிப் பற்றுவரவுக்கு வருவோம். எண்ணெய் டப்பா செலவுக் கணக்கில் தனி வரியாகக் கண்ணில் படுகிறது; ஆகவே சிக்கனம் என்றால் அதன்மேல் கை வைக்கிறோம். கருகிய அலகுகளோ ‘சில்லறைச் சாமான்’ என்ற தலைப்பில் மறைந்துவிடுகின்றன. இன்றைய கூட்டத்தில் ஒரு தீர்மானம் செய்யுங்கள். துறப்பணத்தின் அருகிலேயே ஒரு டப்பா எண்ணெயும் தூரிகையும் இருக்கட்டும். ஒவ்வோர் அலகும் வாங்கிய தேதி, கழித்த தேதி, கழித்த காரணம் ஆகிய மூன்றையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வாருங்கள். அடுத்த வருஷத்துப் பொதுக்கூட்டத்தில் எண்ணெய்ச் செலவையும் அலகுச் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நீங்களே வாசித்துப் பாருங்கள். எந்தச் செலவு வீண் என்பதை எந்த இன்ஸ்பெக்டரும் வந்து சொல்லவேண்டியிராது.