லயத்து டோர்ச்சும் அதன் மின்னேற்றமும்



2022ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்ததை எவரும் மறந்திரார். அந்நாளில் எங்கள் லயங்களுக்கு டோர்ச்சே துணை.

இன்று விற்கும் பல டோர்ச்சுகளில் லித்தியம் அயன் பற்றரியும், அதற்குச் சார்ஜ் ஏற்றும் மின்சுற்றும் உள்ளேயே உள்ளன. கைத்தொலைபேசி வயரைச் செருகினால் போதும். வரும் 5 வோல்ட்டை அச்சுற்று அடக்கி, பற்றரியை 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏறவிடாது, மின்னோட்டத்தைக் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்திவிடும். இக்காவல் இல்லாவிடில் பற்றரி சூடேறித் தீப்பற்றவும் கூடும். ஆகவே, சுற்றை விலக்கி நேரே மின் கொடுக்கும் கைவைத்தியம் வேண்டவே வேண்டாம்!

குறையும் ஒன்றுண்டு. இரத்தினபுரி மழையைச் சொல்லவும் வேண்டுமா? செருகுவாயின் இரப்பர் மூடி கழன்றால் நீர் புகும். பித்தளை பச்சை பூக்கும். பற்றரி நன்றாயிருந்தும் டோர்ச் குப்பைக்குப் போகும். எங்கள் வீட்டில் இரண்டு அவ்வாறு போயின. மூன்றாவதாக, பற்றரியைக் கழற்றக்கூடியதையே கேட்டு வாங்கினோம். 18 மில்லிமீற்றர் விட்டமும் 65 மில்லிமீற்றர் நீளமும் கொண்ட அதனைத் தனிச் சார்ஜரிலும் இடலாம். விலை சற்று அதிகமென்று அம்மா முணுமுணுத்தார். சென்ற மழையில் அதன் செருகுவாயும் பழுதாயிற்று. அப்பா இன்றும் அந்த டோர்ச்சோடுதான் விடியலில் பால்வெட்டப் போகிறார்.