போன் கேட்டது, நான் கொடுத்தேன்

(சங்கத்தின் புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நான் ஏ.எல். வரைதான் படித்தவன். இன்றும் தொழிற்சாலையில்தான் வேலை. ஆனாலும் பட்டு அறிந்த ஒரு விஷயத்தை உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

2019இல் நான் சார்ஜாவில் வேலை செய்தேன். ஒரு அறையில் ஆறு பேர். அமீரகத்தில் வட்ஸ்அப்பில் எழுதலாம், படம் அனுப்பலாம். ஆனால் அப்போது கதைக்க ஏலாது, தடை இருந்தது. அம்மாவின் முகத்தைப் பார்க்க வழியில்லை. அந்த நேரம் ‘டோடொக்’ என்றொரு செயலி வந்தது. டிக்டொக் இல்லை, இது வேறை. காசில்லாமல் முகம் பார்த்துக் கதைக்கலாம். அறையில் எல்லோரும் போட்டோம். போனில் உள்ள பெயர்களைக் கேட்டது, கொடுத்தேன். மைக், கமரா கேட்டது, கொடுத்தேன். காலநிலை சொல்ல இருக்குமிடம் கேட்டது, அதையும் கொடுத்தேன். சார்ஜாவில் வெயிலை விட்டால் வேறை என்ன காலநிலை எண்டு அப்ப யோசிக்கேல்லை.

2019 டிசம்பரில் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகை, அது அமீரக அரசின் உளவுக் கருவி என்று அமெரிக்க அதிகாரிகளை ஆதாரம் காட்டி எழுதியது. செய்தவர்கள் மறுத்தார்கள். கூகிளும் அப்பிளும் தங்கள் கடைகளிலிருந்து அதை எடுத்துவிட்டன. செயலியைப் பிரித்துப் பார்த்த அமெரிக்க நிபுணர் ஒருவர், அதில் கள்ள வழி எதையும் காணவில்லை. கேட்டதை நாங்களே கொடுத்திருந்தோம்.

அதே ஆண்டு மே மாதம் வட்ஸ்அப்பில் உண்மையான ஓட்டை ஒன்று பிடிபட்டது. அழைப்பு வந்தால் போதும், எடுக்காவிட்டாலும் உளவு மென்பொருள் போனுக்குள் போய்விடும். உலகெங்கும் சுமார் 1,400 பேர் குறிவைக்கப்பட்டார்கள். இஸ்ரேலின் என்.எஸ்.ஓ. நிறுவனத்தின்மீது ஒக்டோபரில் வட்ஸ்அப் வழக்குப் போட்டது. அந்த ஓட்டையைப் புதிய பதிப்பு அடைத்தது. நாங்களே திறந்துவிட்ட கதவை எந்தப் பதிப்பு அடைக்கும்?

என் போனில் ஊரில் விசாரணைக்கு அலைந்த மச்சானின் இலக்கம் இருந்தது. இங்கே அகதி வழக்குப் போட்டிருந்த சித்தப்பாவின் இலக்கமும் இருந்தது. இருவரும் டோடொக்கைக் கண்ணாலும் காணாதவர்கள். இங்கு வந்தபின் சித்தப்பாவிடம் இதைச் சொன்னேன். “ஆமி அடிச்சுக் கேட்டும் நான் சொல்லாத பேருகளை நீ வெயில் பாக்கக் குடுத்திட்டியே தம்பி” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆகவே உறவுகளே, புதிய பதிப்பு வந்தால் உடனே ஏற்றுங்கள். ஆனால் செயலிக் கடையிலிருந்து மட்டும், யாரோ அனுப்பும் இணைப்பில் இருந்து வேண்டாம். இன்று இரவே போனின் அமைப்புப் பகுதிக்குப் போய், எந்தச் செயலிக்குப் பெயர்களும் மைக்கும் இருக்குமிடமும் கொடுத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். தேவையில்லாததை மறித்துவிடுங்கள். வழக்குக் கடிதங்களைப் படம் பிடித்துக் குழுக்களில் போடாதீர்கள். வளைகுடாவில் இருக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லுங்கள்.

எங்கள் போனில் இருப்பது எங்கள் பெயர் மட்டுமல்ல. ஊரில் இன்னும் பயந்து இருப்பவர்களின் பெயரும் அதற்குள் இருக்கிறது.